வீட்டுக்காரனும் விருந்தாளியும்

அன்பு மகள் கடுகுக்கு அப்பா சொல்லச் சொல்ல உன் அண்ணி எழுதுகிற கடிதம். இங்கே நாங்கள் மூன்று பேரும் நன்றாக இருக்கிறோம், நீயும் மாப்பிள்ளையும் என் பேத்தியும் அந்தக் குளிரிலும் நன்றாகத்தான் இருப்பீர்கள் என்று என் மனசுக்குத் தோன்றுகிறது, ஆனால் மனசு சொன்னால் போதாது, நீயும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். போனில் கேட்டாயே, ஃபோர்மேன் என்னிடம் தோற்றுப்போனது எந்த வருஷம் அப்பா என்று, அன்றைக்கு எனக்குச் சட்டென்று வரவில்லை. வருஷத்துக்கு உண்டான எண் எனக்குத் தெரியாது, ஆனால் வருஷம் தெரியும். பெரிய பாலத்தின் நடுத்தூண் சாய்ந்து ரயில் அந்தக் கரையோடு நின்றுபோன வருஷம். சீனி கிடைக்காமல் ஊரே கசப்புத் தேநீரைக் குடித்துவிட்டு ஒருவரை ஒருவர் முறைத்துக்கொண்டு திரிந்த வருஷம். உன் அண்ணன் இரவல் சைக்கிளில் போய்த் தபால் பெட்டியில் மோதி முன்பல்லைத் தொலைத்த வருஷம், இதை எழுதும்போது உன் அண்ணிக்கு முகமெல்லாம் சிரிப்பு. எல்லாவற்றுக்கும் மேலே, நம் தண்ணீர்த் தொட்டி வளாகத்தில் டீசல் எஞ்சினைக் கழற்றிவிட்டு மின்மோட்டார் வைத்த வருஷம். அந்தத் தடதட சத்தம் நின்றதும் குவார்ட்டர்ஸில் ஒருத்தருக்கும் தூக்கம் பிடிக்கவில்லை, உன் அம்மா எழுந்து எழுந்து யாருக்கோ மூச்சு நின்றுபோன மாதிரி இருக்கு என்பாள். நீ அப்போது பள்ளிக்கூடத்தில் சேர்ந்த புதிது, ஜடையை விடப் பெரிய ரிப்பன் கட்டிக்கொண்டு திரிந்தாய். வருஷம் கிடைத்துவிட்டதா, எண்ணை நீயே கணக்குப் போட்டுக்கொள். கண் ஆபரேஷன் விஷயமாக நீ ஒவ்வொரு தடவையும் கேட்கிறாயே, எப்ப போறீங்க, எப்ப போறீங்க என்று, அதற்கும் இந்தக் கடிதத்தில் பதில் இருக்கிறது, ஆனால் அது அதன் இடத்தில்தான் வரும், பொறுமையாகப் படி.

முதலில் நீ அனுப்பின படம். உன் ஆபீஸ் சைக்கிள் கொட்டகையின் கூரை ஓரத்தில் உட்கார்ந்திருக்கிற குருவி நம் குவார்ட்டர்ஸ் வாலாட்டிதானா என்று கேட்டிருந்தாய். அவன் இல்லை, அவனுடைய பங்காளி. இரண்டுக்கும் ஒரே நடை, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கட்டட வேலையை மேற்பார்வை பார்க்கிற காண்ட்ராக்டர் மாதிரி, நாலடி நடப்பது, நின்று வாலை ஆட்டுவது. பறந்தாலும் இரண்டும் அலையில் ஏறி இறங்குகிற மாதிரிதான் போகும். தூரத்தில் பார்த்தால் பெற்றவளே குழம்பிப்போவாள். ஆனால் முகத்தைப் பார்த்தால் தெரிந்துவிடும். வீட்டுக்காரன் என்று நாம் பேர் வைத்த நம் வாலாட்டிக்குத் தலை, கழுத்து, முதுகு எல்லாம் கன்னங்கரேல் என்று இருக்கும், கண்ணுக்கு மேலே மட்டும் சுண்ணாம்பை விரலால் தொட்டு இழுத்த மாதிரி வெள்ளைப் புருவம். நீ படம் பிடித்தவன் விருந்தாளி, அவனுக்கு முகமே வெள்ளை, மாவு மூட்டைக்குள் மூஞ்சியை விட்டு எடுத்த மாதிரி, நெஞ்சில் குழந்தைக்குச் சோறூட்டும்போது கட்டிவிடுகிற துணி மாதிரி ஒரு கறுப்பு, முதுகு சாம்பல். உடம்பும் ஒரு சுற்றுச் சின்னது. வீட்டுக்காரன் ஜோடியாகத்தான் இருப்பான், மழையோ வெயிலோ அதே இடம், அதே சுவர்ப் பொந்து, வேறொருத்தன் கால் வைத்தால் விரட்டி விரட்டி அடிப்பான். விருந்தாளி கும்பலாக வருவான், வெயில் தணிந்த பிறகு வருவான், மறுபடி வெயில் ஏறுவதற்குள் சொல்லிக்கொள்ளாமல் கிளம்பிவிடுவான். வீட்டுக்காரனுக்கு ரோஷம் எவ்வளவு என்றால் கண்ணாடியில் தன்னையே பார்த்தாலும் யாருடா நீ என்று சண்டைக்குப் போவான். இங்கே எங்கள் அடுக்குமாடிக்குக் கீழே நிற்கிற கார்களின் பக்கக் கண்ணாடிகளையெல்லாம் கொத்தி, எச்சம் போட்டு, அட்டகாசம் பண்ணிவிட்டான், வாட்ச்மேன் ஒவ்வொரு கண்ணாடிக்கும் பழைய காலுறையை மாட்டி வைத்திருக்கிறார். புதிதாக வருகிறவர்கள், என்னய்யா, காருக்கெல்லாம் சளி பிடிச்சிருக்கா என்று கேட்டுவிட்டுப் போகிறார்கள்.

உன் அண்ணன் இதையெல்லாம் கேட்டுவிட்டுச் சோபாவில் சாய்ந்துகொண்டே, அப்போ கடுகுதான் விருந்தாளி, நான்தான் இங்கேயே கெடக்கிற வீட்டுக்காரன், அப்படித்தானேப்பா என்றான். அவனுக்கு எல்லாவற்றிலும் உன்னை ஒரு இழு இழுக்க வேண்டும். போடா, குருவிக்கு ரெண்டு றெக்கை, அவளுக்கு ரெண்டு சூட்கேஸ், ரெண்டும் எப்படிடா ஒண்ணாகும் என்றேன். ஆளையும் குருவியையும் முடிச்சுப் போட்டுப் பேசுவது எனக்குப் பிடிக்காது. குருவி தின்பதற்கு வருகிறது, தின்ன ஆகாரம் தீர்ந்தால் போகிறது, அதற்கு நம் வீட்டுச் சண்டையெல்லாம் எதற்கு. ஆனால் நீ போனில் போகிறபோக்கில் சொன்னாயே ஒன்று, அது என்னை இரண்டு நாள் ஆட்டிவைத்தது. அந்தக் கொட்டகைக் கூரையில் அது கூடு கட்டியிருக்கிறது, காலையில் நீ சைக்கிளைப் பூட்டும்போது தலைக்கு மேலே உட்கார்ந்து பாடுகிறது என்றாய். பாடுகிறதா? நான் என் ஆயுசில் விருந்தாளி பாடிக் கேட்டதில்லையம்மா. இங்கே வந்தால் சிசிக், சிசிக் என்று ஒரு சின்னச் சத்தம், அவ்வளவுதான், சாப்பாட்டு நேரத்தில் மட்டும் வீட்டுக்கு வருகிற ஆள் மாதிரி தின்றுவிட்டுப் போய்க்கொண்டே இருக்கும். அங்கே பாடுகிறது என்றால் உன் போனில் பிடித்து அனுப்பு, எனக்குக் கேட்க வேண்டும். எனக்கு ஏன் அவ்வளவு ஆச்சரியம் என்றால் அதில்தான் விஷயம் இருக்கிறது, சொல்கிறேன்.

நம் தொட்டி வேலை உனக்கு எவ்வளவு ஞாபகம் இருக்கிறதோ தெரியாது. ஆற்றுத் தண்ணீர் பெரிய மணல் தொட்டியில் விழும், மணல் வழியாக மெல்ல இறங்கிச் சுத்தமாகும். நாளாக ஆக மணலின் மேலே பாசி தோல் மாதிரி மூடிக்கொள்ளும், தண்ணீர் இறங்காது. அப்போது தொட்டியை வடியவிட்டு அந்தத் தோலைத் தட்டை மண்வெட்டியால் சீவி எடுக்க வேண்டும், அது என் வேலை. சீவின மணலைக் குழாயில் பீய்ச்சிக் கழுவுவது உன் அம்மா வேலை. நீங்க ஆழமா சீவுறீங்க, மேலாக்க சீவுங்க, நல்ல மணலையும் சேர்த்து யார் கழுவுறது என்று அவள் என்னைத் திட்டினதுதான் எங்கள் முதல் பேச்சு, பிறகு கல்யாணமாகியும் அந்தத் திட்டு நிற்கவில்லை. வடியவிட்ட தொட்டியில் ஈரமணல் பூராவும் சின்னச் சின்னக் கொசுவும் புழுவும், வாலாட்டிகளுக்கு அது கல்யாணப் பந்தி. வெயில் காலத்தில் பாசி மளமளவென்று மூடும், ஒரு தொட்டியைச் சீவி முடிப்பதற்குள் அடுத்தது காத்துக்கொண்டிருக்கும், முதுகு இரண்டாக ஒடிந்துபோகும். குளிர் வந்துவிட்டால் பாசி சோம்பேறியாகிவிடும், வேலை பாதியாகக் குறையும். குளிர் வந்ததற்கு அத்தாட்சி விருந்தாளிதான். அதனால் முதல் விருந்தாளியை யார் பார்க்கிறார்கள் என்பது எங்களுக்குப் பள்ளிக்கூடம் லீவு விடுகிற மாதிரி. மோட்டார் அறை ஃபோர்மேன் நெட்டை, குளோரின் அறையைப் பார்த்துக்கொண்ட குளோரின்காரர், உன் அம்மா, நான், நாலு பேருக்கும் போட்டி. பார்த்தேன் என்று ஒருத்தர் சொன்னால் செல்லாது, எங்களில் இன்னொருத்தர் பார்த்து ஆமாம் போட வேண்டும். தப்பாகச் சொன்னவர் குளிர்காலம் முடிகிற வரைக்கும் எல்லார் தேநீர் டம்ளரையும் கழுவ வேண்டும். வேறு யாருக்கும் இதில் வேலை கிடையாது, உன் அண்ணனைச் சேர்க்கவே இல்லை, அவன் ரெண்டும் குருவிதானே என்று சொல்லிவிட்டுப் பல் போன வாயோடு பந்து விளையாடப் போய்விட்டான்.

அந்த வருஷம் நெட்டை மோட்டார் அறை வாசலில் நின்று விருந்தாளி, விருந்தாளி என்று கத்தினார். ஓடிப்போய்ப் பார்த்தோம். சாம்பல் முதுகு, கழுத்தில் கறுப்பே இல்லை, எல்லாருக்கும் விருந்தாளியாகத்தான் பட்டது. குளோரின்காரர் வாயைத் திறந்து ஆமாம் என்று சொல்லப்போன நேரம். கழுவின மணல் மேட்டின் உச்சியில் உட்கார்ந்திருந்த நீ, அது விருந்தாளி இல்ல, வீட்டுக்காரன் வீட்டுக் குட்டி, இன்னும் அழுக்குச் சட்டை போட்டிருக்கு, புருவத்தப் பாருங்க மாமா என்றாய். நெட்டைக்கு முகம் எப்படி ஆயிற்று தெரியுமா. உன் அம்மா கண்ணை இடுக்கிப் பார்த்துவிட்டு, ஐயோ, புருவம் இருக்கே என்று குழாயைக் கீழே போட்டுவிட்டுச் சிரித்தாள், அது பாம்பு மாதிரி சுழன்று எங்கள் எல்லாரையும் குளிப்பாட்டிவிட்டது. அதுவரை நாங்களும் கவனிக்காத விஷயம் அது, வீட்டுக்காரனின் குஞ்சு முதலில் சாம்பலாகத்தான் இருக்கும், பிறகுதான் கறுக்கும், புருவம் மட்டும் பிறந்ததிலிருந்தே உண்டு. உனக்கு எப்படித் தெரிந்தது என்று கேட்டதற்கு, அதுக்கு அதோட அம்மா இப்பத்தான் வாயில ஊட்டுச்சு, விருந்தாளிக்கு யாராவது ஊட்டுவாங்களா என்றாய். நெட்டை ஈரச் சட்டையோடு உன்னைத் தூக்கிக் கைப்பிடிச் சுவர் மேல் உட்காரவைத்து, இனிமே கடுகு சொன்னா அதுவும் செல்லும் என்றார். அப்படித்தான் நீ ஐந்தாவது ஆள் ஆனாய். அந்தக் குளிர்காலம் முழுக்க மனுஷன் டம்ளர் கழுவினார், உன் பால் டம்ளரையும் சேர்த்து.

டீசல் எஞ்சின் நின்றுபோனதைச் சொன்னேனே, அதில் ஒரு லாபம் உண்டு. அதற்கு முன்னால் அங்கே எந்தக் குருவியும் பாடினதை நாங்கள் கேட்டதில்லை, அந்தத் தடதடப்பில் யானை கத்தினாலும் கேட்காது. எஞ்சின் நின்ற பிறகுதான் ஒரு காலையில், யார்ரா அது விசில் அடிக்கிறது என்று குளோரின்காரர் தேடிக்கொண்டு போனார், பார்த்தால் வீட்டுக்காரன் வால்வு சக்கரத்தின் மேல் நின்றுகொண்டு நீளமாக, மூச்சு விடாமல், ஒரு பேச்சு முடிவதற்குள் அடுத்த பேச்சை எடுக்கிற மாதிரி பாடிக்கொண்டிருந்தான். குளோரின்காரருக்கு அன்றையிலிருந்து அதுவே வேலையாகப் போயிற்று. வீட்டுக்காரன் பாடுவான், விருந்தாளி பாட மாட்டான், நல்லா கேட்டுக்கோ என்று எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் அவர்தான். அவர் கண்ணில் புரை விழுந்தது உனக்குத் தெரியும், நீ அப்போது காலேஜில் இருந்தாய். ஆபரேஷன் நன்றாகத்தான் நடந்தது, இதை இன்னும் இரண்டு தடவை எழுதுவேன் என்கிறாள் அண்ணி, நன்றாகத்தான் நடந்தது, நன்றாகத்தான் நடந்தது. கட்டைப் பிரித்த பிறகு தண்ணீர் படக்கூடாது, கசக்கக்கூடாது என்று தலைதலையாய் அடித்துக்கொண்டார்கள். மனுஷன் ஆயுசு முழுக்க அந்தக் குளோரின் வாயு கண்ணில் பட்டால் உடனே தொட்டித் தண்ணீரை அள்ளி அடித்துக் கழுவிப் பழகினவர், கண் லேசாக உறுத்தினதும் கை தன்னால் போய்விட்டது. சீழ் பிடித்து அந்தக் கண் போயிற்று. இன்னொரு கண் ஏற்கெனவே மங்கல். அதற்குப் பிறகு அவர் தொட்டிச் சுவரில் வந்து உட்காருவார், பக்கத்தில் உன் அம்மா. அண்ணே, இடது பக்கம் வீட்டுக்காரன், அவனுக்குப் பின்னால் விருந்தாளி மூணு பேர், ஒருத்தன் கால் நொண்டுறான் என்று அவள் சொல்லிக்கொண்டே போவாள், அவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்பார். அந்த மாதிரி யாராவது எனக்குச் சொல்லிக்கொண்டே போக வேண்டிய நாள் வருமோ என்றுதான் எனக்குப் பயம். உன் அண்ணன் நினைக்கிற மாதிரி ஊசிக்குப் பயம் இல்லை. இருக்கிற மங்கலாவது மிச்சம் இருக்கட்டும் என்று நினைத்தேன். உன் அம்மாவும் இல்லாத வீட்டில் யார் அப்படிப் பக்கத்தில் உட்கார்ந்து சொல்வார்கள்.

அதனால்தான் போன வருஷம் நீ போனில் அழுதபோது ஒரு ஒப்பந்தம் போட்டேன். வீட்டுக்காரனையும் விருந்தாளியையும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாமல் போகிற அன்றைக்கு நானே என் காலில் நடந்து ஆஸ்பத்திரிக்குப் போவேன், அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்றேன். நீயும் சரி என்றாய். நீ பாவம், அப்பா பொய் சொல்ல மாட்டார் என்று நம்பிவிட்டாய். கொஞ்ச காலமாக நான் முகத்தைப் பார்த்துச் சொல்வதே இல்லையம்மா. சத்தத்தை வைத்துச் சொல்வேன், ஜோடியா கும்பலா என்று பார்த்துச் சொல்வேன், மாசத்தை வைத்துச் சொல்வேன். நீ அனுப்பின படம் வந்தபோதுகூட, இந்த வெளிச்சத்துல சரியாத் தெரியலையே, முகம் வெள்ளையா கறுப்பா என்று அண்ணியிடம் ஒன்றும் தெரியாதவன் மாதிரி கேட்டுக்கொண்டுதான் பங்காளி என்றேன். அவள் வெள்ளை என்றாள், நான் பெரிய ஆள் ஆகிவிட்டேன்.

இப்போது நடந்ததைச் சொல்கிறேன். பத்து நாளைக்கு முன்னால் காலையில் காற்று மாறியது, வேட்டியை இழுத்துப் போர்த்திக்கொள்ளலாம் போல இருந்தது. நான் மொட்டை மாடியில் தண்ணீர் டாங்க் பக்கத்தில் நாற்காலி போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன், அந்த டாங்க் கசிந்துகொண்டே இருக்கும், கீழே எப்போதும் ஈரம். ஈரத்தில் ஒரு வாலாட்டி இறங்கினது. தனியாக வந்தது. முகம் வெள்ளை. என் இரண்டு கண்ணாலும் பார்த்தேன், பளிச்சென்று வெள்ளை. எனக்கு வந்த சந்தோஷத்தில் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். இந்த வருஷம் நான்தான் முதல், கண்ணும் நன்றாக இருக்கிறது, இரண்டு காரியமும் ஒரே அடியில் முடிந்தது என்று கீழே இறங்கிப் போய் வாட்ச்மேனிடம் சொன்னேன், மாடிப்படி பெருக்குகிற அம்மாவிடம் சொன்னேன், உன் அண்ணனுக்கு ஆபீஸுக்கே போன் போட்டேன். அவன் மீட்டிங்கில் இருந்தானாம், என்னமோ ஏதோ என்று வெளியே ஓடிவந்து எடுத்து, இதுக்காப்பா என்றான், ஆனாலும் சிரித்தான், கண்ணு தெரியுதுல்ல, அது போதும் என்றான். வாட்ச்மேன் எனக்காக ஒரு தேநீர் வரவழைத்துக் கொடுத்தார், பெரியவரே, உங்க கண்ணு கழுகுக் கண்ணு என்றார். அதை எடுத்துக்கொண்டு மறுபடி மாடிக்குப் போனேன். அது அங்கேயேதான் இருந்தது. டாங்க் விளிம்பில் ஏறி நின்றுகொண்டு, வாயைத் திறந்து, பாடினது. நீளமாக, மூச்சு விடாமல், ஒரு பேச்சு முடிவதற்குள் இன்னொரு பேச்சு. நான் தேநீரைக் குடிக்கவே இல்லை. காலை வெயில் அதன் கறுப்புத் தலையில் பட்டுப் பளபளத்திருக்கிறது, புரையில் எனக்கு அது வெள்ளையாகத் தெரிந்திருக்கிறது. அவன் விருந்தாளி இல்லையம்மா. அதே பழைய வீட்டுக்காரன்.

யாருக்கும் தெரியாது. இந்தக் கட்டடத்தில் குருவியின் முகத்தைப் பார்க்கிற ஆள் யாரும் இல்லை. இன்னும் கொஞ்ச நாளில் உண்மையான விருந்தாளி எப்படியும் வந்துவிடும், அப்போது எல்லாம் சரியாகிவிடும், நான் கொஞ்சம் முந்திச் சொன்னதாக ஆகும், ஆபரேஷனும் வேண்டாம். இப்படியே நினைத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டிருந்தேன். சாப்பாடு இறங்கவில்லை, அண்ணி வயிறு சரியில்லையா என்று கேட்டுக் கேட்டுக் கஷாயம் போட்டுக் கொடுத்தாள், அதையும் குடித்தேன். உன் போன் வந்தபோது குளியலறையில் இருக்கிறேன் என்று சொல்லச் சொன்னேன், உன்னிடம் மட்டும் என்னால் சொல்லாமலும் இருக்க முடியாது, பொய்யும் சொல்ல முடியாது. போனில் சொன்னால் நீ உடனே அழுவாய், நீ அழுதால் நான் வேறு ஏதாவது ஒப்பந்தம் போட்டுவிடுவேன். அதனால்தான் கடிதம். இதோ, உன் அண்ணி பேனாவை வைத்துவிட்டு என்னையே பார்க்கிறாள், அவளுக்கும் இப்போதுதான் தெரியும். மாமா, அந்தக் கஷாயத்தையெல்லாம் எதுக்குக் குடிச்சீங்க என்று கேட்கிறாள். இதையும் எழுதும்மா என்றேன், எழுதுகிறாள். எழுந்து ஆஸ்பத்திரிக்குப் போன் பண்ணப் போனாள், உட்காரு, முதல்ல இதை முடி என்றேன், உட்கார மாட்டேன் என்று நின்றுகொண்டே பேசிவிட்டு வந்துதான் மறுபடி பேனாவை எடுத்தாள். வருகிற வியாழக்கிழமை காலையில் வரச் சொல்லியிருக்கிறார்களாம். முதலில் இடது கண், அது நன்றாக ஆறின பிறகு வலது. ஒப்பந்தப்படி என் காலில் நடந்துதான் போவேன், ஆஸ்பத்திரி வாசல் வரைக்கும் ஆட்டோ வரலாம் என்று அண்ணி சொல்கிறாள், ஒத்துக்கொண்டேன். கட்டு அவிழ்த்த பிறகு கையைக் கண் பக்கம் கொண்டுபோனால் இரண்டு கையையும் சேர்த்துக் கட்டிப்போட உன் அண்ணனுக்கு அதிகாரம் கொடுத்திருக்கிறேன். அவன் சந்தோஷமாகச் செய்வான், சின்ன வயசில் நான் அவனைக் கட்டிப்போட்ட கணக்கு பாக்கி இருக்கிறது.

நீ டிக்கெட் எடுத்துக்கொண்டு ஓடி வராதே. பேத்திக்குப் பரீட்சை, மாப்பிள்ளைக்கு முதுகு வலி என்று சொன்னாய், அவரைக் கனமான பெட்டியைத் தூக்க விடாதே, ஆண்பிள்ளை கேட்டால் தூக்குவேன் என்றுதான் சொல்லுவார், கேட்காதே. நீ காலையில் பச்சைத் தண்ணீரில் முகம் கழுவிவிட்டு ஈரத் தலையோடு சைக்கிளில் போகிறாய் என்று பேத்தி போனில் போட்டுக்கொடுத்தாள், அவளைத் திட்டாதே, நான்தான் கேட்டேன். காதை மூடுகிற மாதிரி தொப்பி போட்டுக்கொள். கொட்டகைக் கூரையில் இருக்கிற கூட்டை ஆபீஸ்காரர்கள் கலைக்கப் போகிறார்கள் என்றால் குஞ்சு இருக்கிறதா என்று பார்க்கச் சொல், இல்லாவிட்டால் போகட்டும், அதுகள் திரும்ப வரும்போது வேறு கட்டிக்கொள்ளும். அந்தப் பாட்டை அது அங்கிருந்து கிளம்புவதற்குள் பிடித்து அனுப்ப மறக்காதே, கண் கட்டியிருக்கிற நாட்களில் கேட்டுக்கொண்டு படுத்திருப்பேன், எனக்கு அது புது விஷயம், இந்த வயசில் புது விஷயம் ஒன்று கிடைப்பது லேசில்லை. நீங்கள் மூன்று பேரும் நோய் நொடி இல்லாமல், மனசில் குறை இல்லாமல், நினைத்தது நினைத்தபடி நடந்து, பெருவாழ்வு வாழ வேண்டும், உன் அம்மா இருந்தால் இன்னும் நாலு வார்த்தை கூடச் சேர்த்துச் சொல்லியிருப்பாள், அதையும் சேர்த்து எடுத்துக்கொள்.

இன்னும் ஒன்றுதான். கட்டை அவிழ்த்ததும் சுவரில் எழுத்தை மாட்டி வைத்து இதைப் படிங்க, அதைப் படிங்க என்பார்களாம். எனக்கு எந்த எழுத்து தெரியும், கண் இருந்தாலும் இல்லாவிட்டாலும் எனக்கு அது சுவர்தான். அதனால் என் பரீட்சையை நானே வைத்துக்கொள்ளப் போகிறேன், மொட்டை மாடியில். அதற்குள் விருந்தாளிகள் வந்து இறங்கியிருப்பார்கள். அண்ணி போனைத் தூக்கிப் பிடிப்பாள், ஈரத்தில் நிற்கிறவன் யார் என்று நான் முகத்தைப் பார்த்துச் சொல்வேன், காதை இரண்டு கையாலும் பொத்திக்கொண்டு சொல்வேன். நீ அங்கிருந்து பார்த்து ஆமாம் போட வேண்டும். இல்லை என்றால் இல்லை என்று சொல், அப்பாவாச்சே என்று பாவம் பார்த்து ஆமாம் போட்டால் அது செல்லாது. ஆமாம் போட இன்னொரு ஆள் வேண்டும் என்றால் நான் யாரிடம் போவேன். நெட்டை போய்விட்டார், மோட்டார் அறைச் சாவியை இடுப்பில் முடிந்தபடியே போனார். குளோரின்காரர் மழைக்காலத்தில் போனார், தொட்டிச் சுவரில் உட்கார்ந்து வெகுநேரம் கேட்டுவிட்டு எழுந்து வந்து படுத்தவர்தான். உன் அம்மாவும் போய்விட்டாள். அந்தச் சுவரில் நின்று அதுகளின் முகத்தைப் பார்த்தவர்களில், என்னை விட்டால், இன்னும் உயிரோடு இருப்பது நீ ஒருத்திதான், கடுகு.

உன் அப்பா